முலாம் பூசிய கைத்துப்பாக்கியும் கையை உறுத்தும் விளிம்பும்

புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் இரண்டு ஆயுதக் கொட்டில்களை நமக்குக் காட்டுகிறார். தொண்டைமானின் கொட்டிலில் வேல்கள் பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசி, காவலோடு அழகாக நிற்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. இந்தப் பாட்டை நாம் வீரத்துக்கும் அரசியல் தூதுக்கும் சான்றாகப் படிக்கிறோம். பட்டறையில் காலம் கழித்த எனக்கு அதில் இன்னொரு செய்தியும் தெரிகிறது. பார்ப்பதற்கு என்று செய்யும் ஆயுதம் வேறு, பிடிப்பதற்கு என்று செய்யும் ஆயுதம் வேறு. பளபளப்பு கண்ணுக்கு. வழவழப்பு கைக்கு. இரண்டும் ஒன்றல்ல.

மைசூரில் வாழும் நமக்கு இந்த வேறுபாட்டை நேரில் பார்க்க வசதி உண்டு. பழைய மர அரண்மனை 1897இல் எரிந்தபின் ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1912இல் கட்டி முடிக்கப்பட்ட இன்றைய அரண்மனையில் ஓர் ஆயுதசாலை இருக்கிறது. வாள், குத்துவாள், புலிநகம், பின்னாளைய கைத்துப்பாக்கிகள் எல்லாம் அங்கே உண்டு. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் பட்டறைகள் கைத்துப்பாக்கிகள் செய்தன. இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று என்று கண்ணாடிப் பிம்பம் போல ஜோடியாகச் செய்வது அவற்றின் தனிச்சிறப்பு. குழலில் தங்கம் பதித்த வேலை, வெள்ளிப் பூண், புலிவரி அலங்காரம். 1799 மே 4ஆம் தேதி கோட்டை விழுந்தபின் அவற்றில் பல கடல் கடந்து போயின. அலங்காரம் அத்தனை இருந்தும், கை பற்றும் இடம் மட்டும் உருண்டு திரண்ட மரமாகவே இருக்கும். உலோகம் விரல் படும் இடத்துக்கு வந்தால் அதன் ஓரம் உருட்டப்பட்டிருக்கும். அந்தக் காலத்துக் கம்மியனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இந்தக் காலத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. முலாம் பூசிய துப்பாக்கிச் சட்டத்தின் விளிம்பு கையை உறுத்தினால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, ஏன்? இதுதான் கட்டுரையின் பொருள். துப்பாக்கி நம்மில் அநேகரிடம் கிடையாது, சரிதான். ஆனால் ஸ்கூட்டர் கைப்பிடி, தையல் மெஷின் சக்கரம், குளியலறைக் குழாய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

விளிம்பு ஏன் கூராகிறது?

கைத்துப்பாக்கியில் 'ஃபிரேம்' அல்லது சட்டம் என்பது கைப்பிடி, விசை, விசைக் காப்பு வளையம் ஆகியவற்றைத் தாங்கும் அடிப்பாகம். அதன்மேல் 'ஸ்லைடு' என்னும் மேல்பாகம் முன்னும் பின்னும் ஓடும். சட்டத்தை எஃகுக் கட்டியிலிருந்து மில்லிங் மெஷினில் வெட்டி எடுக்கிறார்கள். கட்டர் ஒரு முகத்தை வெட்டிவிட்டு, அடுத்த முகத்தை வெட்டும்போது இரண்டு முகமும் சந்திக்கிற இடத்தில் சுத்தமான செங்கோண விளிம்பு உண்டாகும். அந்த விளிம்பில் மெல்லிய பிசிறும் நிற்கும். பட்டறையில் 'பர்' என்போம். பிசிறை எடுப்பது ஒரு வேலை. விளிம்பையே உருட்டுவது இன்னொரு வேலை. முதல் வேலையை எல்லாத் தொழிற்சாலையும் செய்யும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கை ஓட வேண்டும். அதனால் விலை குறைந்த சரக்கில் அது விட்டுப்போகும்.

நம் வீட்டுப் பாத்திரத்தைப் பாருங்கள். பித்தளைக் குண்டானின் வாயை வெட்டியபடியே யாரும் விடுவதில்லை, வெளிப்பக்கம் சுருட்டிவிடுவார்கள். எவர்சில்வர் டம்ளருக்கும் அப்படித்தான். சுருட்டாத டம்ளரில் காபி குடித்தால் உதடு கிழியும். பாத்திரக்காரர் உதட்டை நினைத்துக்கொண்டு வேலை செய்கிறார்.

கை எங்கே அடிபடுகிறது?

கைத்துப்பாக்கியைச் சும்மா பிடித்தால் ஒன்றும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். குண்டு முன்னால் போக, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. எடை குறையக் குறைய உதை வேகம் கூடும். கான்பூரில் 2014இல் வெளியான 'நிர்பீக்' ரிவால்வர் சுமார் 500 கிராம்தான். கைப்பையில் வைக்க சௌகரியம், ஆனால் எடை குறைந்தால் உதையைக் கைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். இது எந்தத் துப்பாக்கிக்கும் பொது.

உறுத்தும் இடங்கள் பெரும்பாலும் நான்கு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள தோல்மடிப்பு முதலாவது. சட்டத்தின் பின்வால் அங்கே அழுந்தும், சுத்தியல் பின்னால் சாயும்போது தோலைக் கடிக்கவும் செய்யும். இரண்டாவது, விசைக் காப்பு வளையத்தின் அடிப்பாகம். நடுவிரலின் மேல்புறம் அங்கேதான் முட்டுகிறது. மூன்றாவது, விசையின் இரு ஓரங்கள். நான்காவது, கைப்பிடியின் முன்பட்டையும் அதன் அடிமூலையும்.

இதில் முதல் கோளாறுக்கு வரலாறே உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட பிஸ்டலில் பின்வால் குட்டையாக இருந்தது. பலருக்குச் சுத்தியல் தோலைக் கடித்தது. 1920களில் அதைத் திருத்தி எம் 1911 ஏ 1 என்று கொண்டுவந்தபோது பின்வாலை நீட்டினார்கள், விசையைக் குட்டையாக்கினார்கள், விசைக்குப் பின்னால் சட்டத்தின் இரு பக்கமும் விரலுக்கு இடம் விட்டுச் சிறு பள்ளம் செதுக்கினார்கள். சுடும் இயக்கத்தில் கைவைக்கவில்லை. கைக்காகத்தான் இத்தனை மாற்றமும். அதே பிரவுனிங் தொடங்கி, 1926இல் அவர் இறந்தபின் பெல்ஜியத்தின் டியூடோனே சேவ் முடித்த 'ஹை பவர்' பிஸ்டல் 1935இல் வந்தது. நம் ராணுவத்துக்கு இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்துகொடுத்த 9 மில்லிமீட்டர் பிஸ்டல் இதன் வழி வந்ததே. அதிலும் பெரிய கைக்காரர்களைச் சுத்தியல் கடிக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

அழுத்தக் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கிலோ எடை அளவு விசை விரல்மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரான விளிம்பு 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் தொட்டால், தொடும் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர். அதே விளிம்பை உருட்டித் தொடும் அகலத்தை 2 மில்லிமீட்டர் ஆக்கினால் பரப்பு 40. விசை அதேதான், அழுத்தம் பத்தில் ஒரு பங்கு. ஆகவே நிறைய உலோகத்தை எடுக்கத் தேவையே இல்லை. அரை மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

முலாம் என்ற மெல்லிய சட்டை

மின்சாரத்தால் எவ்வளவு உலோகம் படியும் என்ற விதியை ஃபாரடே 1830களில் வகுத்தார். நிக்கல் முலாமுக்கு இன்றும் உலகமெங்கும் ஓடுகிற தொட்டிக் கலவை ஆலிவர் வாட்ஸ் 1916இல் சொன்னது. நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் மூன்றும்தான். குரோம் முலாம் 1920களில் வணிகத்துக்கு வந்தது. 1946இல் பிரென்னர், கிரேஸ் ரிடெல் என்ற இருவர் மின்சாரமே இல்லாமல் ரசாயன வினையால் நிக்கல் படியும் முறையை வெளியிட்டார்கள். அதை 'எலக்ட்ரோலெஸ்' என்கிறோம்.

கனம் எவ்வளவு? வாட்ஸ் தொட்டியில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் விட்டால், அரை மணியில் ஏறக்குறைய 25 மைக்ரான் ஏறும். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அப்படியானால் நிக்கல் சட்டை முடியில் மூன்றில் ஒரு பங்கு. அதன்மேல் அலங்கார குரோம் போட்டால் அது அரை மைக்ரான்கூட இருக்காது. மைசூர்க்காரர்களுக்கு குரோம் என்றதும் ஜாவா, யெஸ்டி நினைவுக்கு வரும். 1961 முதல் 1996 வரை இங்கே ஐடியல் ஜாவா ஆலையில் பிறந்த வண்டிகள். அந்தப் பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் முகம் பார்க்கலாம். அந்தக் கண்ணாடிப் பளபளப்பின் நிறம் குரோமுடையது, ஆனால் உடம்பைக் காப்பாற்றியது அடியில் இருந்த நிக்கல். அந்த வண்டியில் உதைப்பதும் கியர் போடுவதும் ஒரே லீவர்தான். செருப்புக்காலால் உதைத்த காலத்தில் அது உருட்டின கம்பியாக இல்லாமல் சதுரக் கம்பியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

மின்சாரத்துக்கு விளிம்பு பிடிக்கும்

இனி சொல்வது முலாம்காரர்களுக்கு முதல் பாடம், மற்றவர்களுக்கு அநேகமாகத் தெரியாத விஷயம். தொட்டிக்குள் மின்சாரம் பொருளின்மேல் சமமாகப் பரவாது. மூலை, முனை, விளிம்பு இங்கெல்லாம் போய்க் குவியும். பள்ளத்துக்குள் தயங்கும். அதனால் தட்டையான முகத்தில் 25 மைக்ரான் ஏறும்போது கூர்விளிம்பில் அதைவிடக் கூடுதலாக ஏறித் தடித்துவிடும். வெட்டிப் பார்த்தால் நாய்க்குப் போடுகிற எலும்பு மாதிரி, நடுவில் மெலிந்து இரு முனையில் புடைத்து நிற்கும். மின்சாரம் மிஞ்சினால் அங்கே 'கருகல்' என்போமே, அந்தச் சொரசொரப்பும் குருணையும் உண்டாகும்.

இதனால் என்ன ஆகிறது? முலாமுக்கு முன்பு கூராக இருந்த விளிம்பு முலாமுக்குப் பின்பு மழுங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெயின்ட் அடித்தால் அப்படித்தான் என்பதால் வந்த நினைப்பு. மின்முலாமில் நேர் எதிர். விளிம்பு தடித்து, சொரசொரத்து, முன்னைவிட அதிகமாக உறுத்தலாம். எலக்ட்ரோலெஸ் முறையில் மின்சாரம் இல்லாததால் இந்தக் குவிப்பு இல்லை. பள்ளமும் மேடும் ஒரே கனம் பெறும். ஆனால் அதுவும் கூர்விளிம்பைக் கூர்விளிம்பாகவே போர்த்தும், உருட்டித் தராது. எந்த முறையானாலும் உருட்டல் முலாமுக்கு முன்னால் நடக்க வேண்டிய காரியம்.

முலாமின்மேல் அரம் வைத்தால்

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் இருக்கிறார். குடகுக்காரர், மாமனார் வழியில் வந்த .32 நிக்கல் பூச்சுப் பிஸ்டல் ஒன்றை முறைப்படி வைத்திருக்கிறார். அவர் வீட்டில் ஒருநாள் பேச்சு அதன்பக்கம் போயிற்று. "வயசாச்சு சார், தோல் மெலிஞ்சுபோச்சு. வளையத்துக்கு அடியில இருக்கிற ஓரம் நடுவிரலை அறுக்குது. நீங்க முலாம்காரர்தானே, ஓர் அரம் எடுத்து ரெண்டு இழு இழுத்துக் குடுங்களேன்" என்றார்.

நான் அதைத் தொடவில்லை. காரணத்தை அவரிடம் மூன்றாகப் பிரித்துச் சொன்னேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

முதல் காரணம், கனம். 25 மைக்ரான் நிக்கலை அரம் நாலைந்து இழுப்பில் தின்றுவிடும். விளிம்பை அரை மில்லிமீட்டர் உருட்ட வேண்டுமானால் முலாமை அங்கே முழுவதும் இழந்துதான் ஆக வேண்டும். முலாமும் இருக்கட்டும், விளிம்பும் உருளட்டும் என்றால் நடக்காது.

இரண்டாவது காரணம், துரு. துத்தநாக முலாமும் நிக்கல் முலாமும் இரும்பைக் காப்பாற்றுகிற விதம் வேறு வேறு. மின்வேதி வரிசையில் துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்பு மைனஸ் 0.44, நிக்கல் மைனஸ் 0.25. துத்தநாகம் இரும்பைவிட எளிதாகக் கரையக்கூடியது. அதனால் வாளியில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. நிக்கல் அப்படியல்ல. அது மூடியிருக்கிற வரைக்கும்தான் காவல். ஓரிடத்தில் திறந்துவிட்டால், ஈரம் பட்டதும் நிக்கல் தான் தப்பித்துக்கொண்டு இரும்பைக் கரையவிடும். சுற்றிலும் பெரிய நிக்கல் பரப்பு, நடுவில் நூல் அளவு இரும்பு என்றால் அந்த நூலில் துரு வேகமாக இறங்கும். முலாமே இல்லாத இரும்பு பரவலாகத் துருப்பிடிக்கும், இது குழிபறிக்கும். பிறகு துரு நிக்கலின் அடியில் புகுந்து அதைச் செதிலாக உரிக்கும். கைவியர்வையில் உப்பு இருக்கிறது. மடிகேரியிலோ ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வேறென்ன வேண்டும்?

மூன்றாவது காரணம், சட்டம். அதைப் பின்னால் தனியே சொல்கிறேன்.

குரோமாக இருந்தால் கதை கொஞ்சம் மாறும். கனமான கடின குரோம் விக்கர்ஸ் அளவையில் 850 முதல் 1000 வரை போகும். அரமே அதைவிட மெதுவாக இருக்கும் என்பதால் அரம் வழுக்கிக்கொண்டு போகும், பல் மழுங்கும். கோபத்தில் அழுத்தித் தேய்த்தால் குரோம் சில்லாகத் தெறிக்கும். சட்டம் அலுமினியக் கலவையானால் இன்னும் மோசம். அலுமினியத்தின்மேல் நிக்கலை ஒட்டவைப்பதே கஷ்டமான வேலை. ஓரிடத்தில் திறந்துவிட்டால் ஓரம் ஓரமாகக் கிளம்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சில பழைய முலாம்களில் எஃகுக்கும் நிக்கலுக்கும் நடுவில் செம்பு அடுக்கு இருக்கும். குழல் துடைக்க விற்கிற அம்மோனியா கலந்த திரவங்கள் செம்பைக் கரைப்பதற்கென்றே செய்தவை. திறந்துபோன விளிம்பில் அது பட்டால் உள்ளே புகுந்து செம்பைத் தின்று நிக்கலைத் தூக்கிவிடும். முலாம் பூசிய துப்பாக்கியை அந்தத் திரவத்தில் ஊறவைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

முறையான வழி எது?

விளிம்பை உருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை இதுதான். முதலில் பழைய முலாமை முழுவதும் கழற்ற வேண்டும். முலாம் பட்டறையில் மின்சாரத்தைத் திருப்பிவிட்டு நிக்கலைக் கரைத்து எடுப்பார்கள். வீட்டில் அமிலத்தை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை. அடுத்து, எஃகு வெறுமையாக இருக்கும்போது விளிம்பை உருட்ட வேண்டும். மெல்லிய பல் அரத்தால் 45 டிகிரியில் ஒரு சிறு சரிவு, பிறகு அந்தச் சரிவின் இரண்டு ஓரத்திலும் இன்னும் சிறு சரிவு, பிறகு உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து, பூட்ஸ் துடைப்பதுபோல் இரு கையால் இழுத்தால் உருண்டை வரும். 220, 400, 600 என்று தாளை மாற்றிக்கொண்டே போகணும். முந்தின தாளின் கோடு முழுவதும் மறைந்த பிறகுதான் அடுத்த தாள். நிக்கல் கோட்டை மறைக்காது, எடுத்துக்காட்டும்.

பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் சீக்கிரம் முடியுமே என்பார்கள். முடியும், கூடவே ஆணித்துளையின் வாயும் எழுத்தும் கரையும். தட்டையான முகம் அலையலையாகிவிடும். மெருகு போட்டவன் கையின் தரம் அங்கேதான் தெரியும்.

தொடக் கூடாத இடங்களை முன்பே சாக்பீஸால் குறித்துக்கொள்வது நல்ல பட்டறையின் வழக்கம். ஸ்லைடு ஓடும் தடங்கள், சுத்தியலும் விசையும் கவ்வும் பற்கள், காப்புப் பூட்டு உட்காரும் இடம், குழலின் வாய் இவற்றில் ஓர் இழுப்புக்கூட ஆகாது. அங்கே விளிம்பு கூராக இருப்பது வடிவத்தின் தேவை. அதை மழுக்கினால் துப்பாக்கி தானே வெடிக்கிற நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

முலாமுக்குப் பிறகும் ஒரு படி இருக்கிறது. அமிலத்தில் கழுவும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் வாயு உண்டாகி எஃகுக்குள் புகும். கெட்டிப்படுத்திய எஃகு இதனால் நொறுங்கும் தன்மை பெறும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் உதைபடும்போது உடையும். அதைத் தவிர்க்க முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். ஸ்பிரிங் போன்றவற்றை முலாம் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாமல் இருப்பது உத்தமம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, மாற்றி அமைப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, அதில் தொழில் செய்யும் உரிமம் வேறு. நான் முலாம் தொழிலில் எத்தனை வருஷம் இருந்தாலும் எனக்கு அந்த உரிமம் இல்லை. 8ஆம் பிரிவு துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளம் எதையும் அழிப்பதையோ மாற்றுவதையோ தடை செய்கிறது. அந்த எண் இருப்பது பெரும்பாலும் சட்டத்தில்தான். பஃபிங் சக்கரத்தில் எண் மங்கினால், 'அழகு பார்த்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது.

குடகு மக்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் பிரிட்டிஷ் காலம் முதல் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு என்பது தெரிந்ததே. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கைல்பொத்து பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூவைத்து வழிபடுவதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த விலக்கு வைத்திருப்பதைப் பற்றியது. பட்டறைத் தொழிலுக்கு அது பொருந்தாது. எனவே முலாம்காரரிடம் நேரே கொண்டுபோகாமல், உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் வழியாகப் போவதே முறை.

மரத்தின் வழி

பெரியவரின் விரலுக்கு என்ன விடை? சுடுபோட்டிக்காரர்களிடம் இருந்து கற்றுக்கொள்ளலாம். 2012 லண்டனில் வெள்ளி வென்ற விஜய் குமார், 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கர் போன்றவர்களின் விளையாட்டில் கைப்பிடி என்பது தனிக் கலை. அவர்கள் பிடிக்கும் பிஸ்டல்களின் பிடி மரம், கையின் வடிவத்துக்கு ஏற்பச் செதுக்கியது. உறுத்தினால் மரத்தைச் சீவுவார்கள், இடைவெளி இருந்தால் மரப்பசை வைத்து நிரப்புவார்கள். உலோகத்தைத் தொடுவதில்லை. மரம் தவறினால் வேறு மரம், சட்டம் தவறினால் வேறு சட்டம் கிடையாது.

மைசூரில் இதற்கு வசதிக்குக் குறைவில்லை. ஈட்டி மரத்தில் வேறு மரங்களைப் பதித்துச் செய்யும் மைசூர் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. ஈட்டி கனமான மரம், எண்ணெய்ப் பசை உள்ளது, வியர்வையைத் தாங்கும். உரிமம் பெற்ற கடைக்காரர் ஒருவர் மூலமாகப் பெரியவருக்குப் புது ஈட்டிமரப் பிடி ஒன்று தயாரானது. முன்பக்கம் விசைக் காப்பு வளையத்துக்குக் கீழே மரம் சற்று மேலெழும்பி நடுவிரலைத் தாங்குகிறது. விரல் இப்போது உலோக ஓரத்தில் முட்டுவதற்கு முன்பே மரத்தில் உட்கார்ந்துவிடுகிறது. நிக்கல் அப்படியே இருக்கிறது. பழைய பிடியைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தச் சொன்னேன். பேரன் காலத்தில் யாராவது பழையபடி மாட்ட நினைத்தால் மாட்டலாம். பழம்பொருளில் எதைச் செய்தாலும் திரும்பிப் போக வழி விட்டுச் செய்ய வேண்டும். மியூசியங்களின் கொள்கையும் இதுதான்.

தோலும் தொழிலாளியும்

உறுத்தல் என்பது விளிம்பால் மட்டும் வருவதில்லை. சிலருக்கு நிக்கல் பட்டாலே தோல் சிவந்து அரிக்கும். கடிகாரப் பின்மூடி, கவரிங் தோடு, பெல்ட் பக்கிள் இவற்றால் அரிப்பு வருகிறவர்கள் நிக்கல் பூசிய கைப்பிடியையும் தாங்க மாட்டார்கள். அங்கே விளிம்பை எவ்வளவு உருட்டினாலும் பயன் இல்லை, நடுவில் மரமோ தோலோ வேண்டும். நிக்கல் தொட்டியில் கை நனைத்து வேலை பார்த்தவர்களுக்கு 'நிக்கல் சொறி' என்பது புதிய சொல் அல்ல.

குரோம் தொட்டி இன்னும் கொடியது. அதன் ஆவியில் உள்ள ஆறிணைதிறன் குரோமியம் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை போடும், தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும். புற்றுநோய்க்கும் காரணம் என்று உறுதியாகியிருக்கிறது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை வடஆற்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஆகவே, 'பழைய முலாமை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் போச்சு' என்று லேசாகச் சொல்லிவிடக் கூடாது. ஒருவர் விரலின் சுகத்துக்காக இன்னொருவர் கை அமிலத்தில் நனைகிறது. முதலிலேயே விளிம்பை உருட்டியிருந்தால் இந்த இரண்டாம் வேலை வந்தே இருக்காது.

பட்டறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

இன்று ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஹெப்பால், ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் மெஷினில் வேலை செய்கிறார்கள். மிகுந்த துல்லியத்தோடு வெட்டுகிறது மெஷின். ஆனால் வரைபடத்தில் 'கூர்விளிம்புகளை நீக்கவும்' என்ற ஒரு வரி மூலையில் இருக்கும். அதைத்தான் எல்லாரும் கடைசியாகப் படிக்கிறார்கள், அல்லது படிப்பதே இல்லை. அந்த வரியை முதலில் படியுங்கள். பொருளைத் தொட்டிக்கு அனுப்புமுன் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை எல்லா ஓரத்திலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் விரல் எங்கே நிற்கிறதோ, வாங்குகிறவர் விரலும் அங்கேதான் நிற்கும். முலாம் ஏறியபின் அந்த இடத்தைச் சரிசெய்ய நான் மேலே எழுதிய அத்தனை பாடும் பட வேண்டும். முலாமுக்கு முன்னால் என்றால் இரண்டு நிமிஷம், ஒரு துண்டு உப்புத்தாள்.